லோகா அக்கா கட்டிய தூண்டில்கோல்

செய்தி வந்தபோது நான் கெலுகோர் பாசாரில் மீன்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். கெம்போங் மீனின் கண் கலங்கியிருக்கிறது என்று நானும், அதன் கண்ணே அப்படித்தான் என்று அவரும். கைப்பேசி அடித்தது. லோகா அக்காவின் மகள் தாரணி. கோலாலம்பூரில் வேலை பார்ப்பவள். அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று லீவு எடுத்து வந்திருந்தாள்.

“ஆன்ட்டி, அம்மா எந்திரிக்கல. காப்பி கொண்டுபோய் எழுப்பினேன், கை சில்லுன்னு இருக்கு. கொஞ்சம் வாங்களேன்,” என்றாள். அழுகை இன்னும் வந்து சேராத குரல். மீனை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். பின்னால் மீன்காரர் விலையைக் குறைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேரத்தில் நான் ஜெயித்ததை அக்காவிடம் சொல்லிக்கொள்ள முடியாதே என்றுதான் முதலில் தோன்றியது. மனசு இப்படித்தான் வேலை செய்கிறது, வெட்கமாக இருக்கிறது.

லோகநாயகி என்பது முழுப்பெயர். பினாங்குப் பாலத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்களுக்கெல்லாம் அவர் லோகா அக்கா. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல் கடலைப் பார்க்கும் அந்த அம்மாவை அங்கே எல்லோரும் அறிவார்கள். தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு வேறு லோகா அக்காவைத் தெரியும். இரண்டு பேரையும் அறிந்தவள் நான் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒருவர் இருந்ததை அவர் போன அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். பரிசோதனைப் பகுதி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, வருகிற பீஸ்களில் கீறல், விரிசல் பார்க்க வேண்டும். நல்லது ஒரு தட்டில், கெட்டது ஒரு தட்டில். பாஸ், ரிஜெக்ட். நாள் முழுக்க எங்கள் வாயில் இந்த இரண்டு சொல்தான். அக்கா ரிஜெக்ட் என்று தள்ளியதை வேறு யாரும் எடுத்துத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு பெயர் அவருக்கு.

ஒரு மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில் மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். “இந்த லாட்டுக்கு மட்டும் ஒரு கண்ணை மூடிக்க லா, லோகா,” என்றார். அக்கா தலையைத் தூக்கவே இல்லை. “ரெண்டு கண்ணாலயும் பார்க்கத்தான சார் சம்பளம் குடுக்குறீங்க,” என்றார். லாட் முழுதும் திரும்பிப் போனது. தேநீர் வேளையில், இது நமக்கு வேண்டாத வேலையில்லையா என்று கேட்டேன். “கண்ணு பார்த்ததை வாய் மாத்திச் சொல்லக் கூடாது, வசந்தி. ஒருவாட்டி மாத்திட்டா அப்புறம் நம்ம கண்ணை நம்மளே நம்ப மாட்டோம்,” என்றார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அவருடைய கணவர் சிவபாலன். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. காலையில் ஃபெரியில் போய் மாலையில் ஃபெரியில் வருவார். கலகலப்பான மனிதர், எதிலும் அவசரம். கடல் பைத்தியம் அவருக்குத்தான், அக்காவுக்கு அப்போது மீன் என்றால் குழம்பு மட்டும்தான். சூலியா தெருவில் காதர் நானாவின் கடையில் ஒரு வெறுங்கோல் வாங்கிவந்து தானே தூண்டில் கட்டினார். கைப்பிடியும் வளையமும் இல்லாத மொட்டைக் கோலைத் தூண்டில்காரர்கள் பிளாங்க் என்பார்கள். இது ஃபைபர்கிளாஸ், உள்ளே குழல், தேன் நிறம், ஆள் உயரத்துக்கு மேலே நீளம். அதில் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் காலையும் நூலால் நெருக்கிச் சுற்றி, மேலே வார்னிஷ் பூச வேண்டும். நூல் முனையைச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்து மறைப்பதுதான் எல்லோரும் செய்கிற முறை. கட்டு வழவழவென்று இருக்கும்.

சிவபாலன் அண்ணன் அப்படிச் செய்யவில்லை. அவருடைய அம்மா கண்ணம்மா, கோயில் வாசலில் பூ விற்றவர். அண்ணன் சிறு வயதிலிருந்தே அம்மாவோடு உட்கார்ந்து மாலை கட்டியவர். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பூக்கட்டும் முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டார். வார்னிஷ் காய்ந்ததும் கட்டுக்குக் கட்டு கடுகளவில் ஒரு மேடு துருத்திக்கொண்டு நின்றது. காதர் நானா பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கோலுக்கு அம்மை போட்டிருக்கு?” என்று கேட்டாராம். “எங்கம்மா கட்டின மாலை தேர்ல போறப்ப அவுந்ததே இல்ல நானா. இதுவும் அவுறாது,” என்றாராம் அண்ணன். இந்தக் கதையை அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தாரணி பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவரின் சிறு படகில் தீவின் தெற்குப் பக்கம் மீன் பிடிக்கப் போனார் அண்ணன். பிற்பகலில் சுமத்ரா பக்கத்திலிருந்து காற்று கிளம்பியது. படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. நண்பரின் உடல் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. சிவபாலன் அண்ணன் கிடைக்கவில்லை. தூண்டிலும் கிடைக்கவில்லை.

உறவில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தர்ப்பையில் உருவம் செய்து வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம், அதற்கு முறை இருக்கிறது என்றார்கள். கண்ணம்மா பெரியம்மா எழுந்து நின்றார். “என் பிள்ளையைக் கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் எள்ளும் தண்ணியும் இறைக்கிறேன். புல்லுக்கெல்லாம் நான் அழ மாட்டேன்,” என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, “அத்தை சொல்றதுதான்,” என்று மட்டும் சொன்னார். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை.

அப்படியே வருடங்கள் ஓடின. மகன் தூண்டிலும் கையுமாக ஏதோ இந்தோனேசியப் படகில் ஏறிப்போய் அங்கே ஒரு தீவில் இருக்கிறான், ஞாபகம் தப்பியிருக்கும், ஒருநாள் வருவான் என்பது பெரியம்மாவின் கணக்கு. பண்டிகை தோறும் அவனுக்கு ஒரு சட்டை எடுத்து வைப்பார். கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டும்போது சிலருக்குக் கை தயங்கும். இந்த அம்மா சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அக்கா நிதானமாக ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொள்வார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். “பார்க்காததை எப்படிச் சொல்றது, வசந்தி?” என்றார். நானும் அதற்கு மேல் மூக்கை நுழைக்கவில்லை.

நாங்கள் வேலையிலிருந்து ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோதுதான் அந்தக் கோல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைக்கு என்னோடு வந்திருந்தார். எனக்குப் பழைய எனாமல் அடுக்குச் சட்டி மேல் ஒரு ஆசை. நான் ஒரு கடையில் மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அக்காவைக் காணோம். நாலு கடை தள்ளி, நீலப் பெயிண்ட் அடித்த ஒரு நீளக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு முனையில் காய்ந்த கொடி சுற்றியிருந்தது. கடைக்காரச் சீனப் பெரியவர், அது பயற்றங்கொடிக்கு நட்டிருந்த கம்பு, தீவின் தெற்குக் கரையில் தெலுக் கும்பாரில் ஒரு மீனவர் வீட்டைக் காலி செய்தபோது வந்தது என்று மலாயில் சொன்னார். பெயிண்ட் உரிந்த இடத்தில் தேன் நிறமும், கண்ணாடி இழையின் நெசவும் தெரிந்தன. அக்கா நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினார். கம்பு வளைந்து நிமிர்ந்தது.

“அக்கா, வேணாம்,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

“பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றார். வீடு வரைக்கும் அந்தக் கம்பைப் பேருந்தில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாலை இருவருமாகச் சூலியா தெருவுக்குப் போனோம். காதர் நானாவுக்குக் காது மந்தம், கை மட்டும் சுறுசுறுப்பு. கோலை வாங்கி அடிமுனையின் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சுவரின் தடிமனைத் தடவினார். கீழே ஊன்றி உருட்டி வளைத்தார். “என் கடை மாதிரிதான் இருக்கு தங்கச்சி. ஆனா அந்தக் காலத்துல இதை நான் கட்டுக் கட்டா வித்தேன். பினாங்குல பாதிப் பேரு கையில இதான். நிறம், நீளம், கனம் எல்லாம் ஒண்ணுதான். கட்டினவன் கைதான் வேற வேற,” என்றார். பிறகு, “பெயிண்டை மெதுவா எடு. நூலு மக்கிப் போயிருந்தாலும் கட்டு இருந்த இடம் வெளுப்பா தெரியும். ஒங்க வீட்டுக்காரரு முடிச்சுப் போட்டவரு. வார்னிஷ்ல ஊறின முடிச்சு கல்லு மாதிரி ஒட்டிக்கும். அது இருந்தா அவருது. இல்லாட்டி வேற ஆளுது,” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். உயிரோடு இருந்தால் அந்தக் கோலைக் கைவிடுகிறவர் இல்லை அவர். கடுகளவு மேடு இருந்தால் சிவபாலன் அண்ணன் கடலில் போய்விட்டார். இல்லாவிட்டால் பெரியம்மாவின் மகன் இன்னும் ஏதோ ஒரு தீவில் இருக்கிறார்.

அந்த வாரம் அக்கா வேலை முடிந்து வந்ததும் கோலை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, மூங்கில் சீவலால் நீலத்தைச் சுரண்டி எடுப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கண்ணாடித் தூசி அரிக்கும், பழைய அடையாளமும் போய்விடும். தொழிற்சாலையில் அவர் முகத்தைப் பார்த்தே எனக்குக் கீறலா நல்லதா என்று தெரிந்துவிடும். அந்த வாரம் ஒன்றும் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், “இன்னும் முடியல,” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னார். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டிலும் புரை, விரல்களுக்கு மட்டும் வயதாகவில்லை. கோல் மேசை மேல் கிடந்தது. நீலம் போய்த் தேன் நிறமாகப் பளபளத்தது. வளையங்கள் இருந்த இடத்திலெல்லாம் வெளுத்த பட்டைகள். அடிப்பக்கம் கைப்பிடி வருமிடத்தில் மட்டும் ஈரத் துணி சுற்றியிருந்தது.

“கட்டு இருந்த தடம் இருக்கு அத்தை. முடிச்சு இல்ல. இது அவரோடது இல்ல,” என்றார் அக்கா.

“குடு,” என்றார் பெரியம்மா.

அக்கா கோலை அவர் மடியில் வைத்தார். பெரியம்மா நுனியிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பட்டையிலும் விரலை நிறுத்தி, சுற்றித் தடவி, அடுத்ததற்குப் போனார். ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்ட விரல். தன் முடிச்சு எங்கேயிருந்தாலும் அதற்குத் தெரியும். ஈரத் துணி வரை வந்ததும், “இங்க என்ன?” என்றார்.

“பெயிண்டு இன்னும் ஊறுது அத்தை. தொட்டா கை எரியும். அங்க கட்டு இல்ல, வெறும் கைப்பிடி இருந்த எடம்,” என்றார் அக்கா.

பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “நான்தான் சொன்னேனே. அவன் வருவான்,” என்று சொல்லிவிட்டுத் தோசை கேட்டார். அன்று மூன்று தோசை சாப்பிட்டார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது வாசலில், “ரிஜெக்ட்டா அக்கா?” என்று கேட்டேன். “ரிஜெக்ட்,” என்றார். லோகா அக்கா சொன்ன ரிஜெக்ட். நான் ஏன் திரும்பப் பார்க்கப் போகிறேன்?

ஆனால் கோலை அவர் தூக்கிப் போடவில்லை. யார் கோலாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல கோல், கட்டினால் ஆயிற்று என்றார். மீன் பிடிக்கத் தெரியாதவர் தூண்டில் கட்டுவதா என்று நான் கேலி செய்தேன். இருபது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் பழகிய கை, நூலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றியது. சிவப்பு நூல். காதர் நானா சொன்னபடி முனையை அடியில் இழுத்து மறைத்தார், முடிச்சுப் போடவில்லை. எபாக்சி வார்னிஷ் பூசியதும் அது வழியாமல் இருக்க, கோலை இரண்டு நாற்காலி முதுகில் படுக்க வைத்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கையால் மெல்ல உருட்டிக்கொண்டிருப்பார். அவர் எழுந்து போனால் நான் உருட்டுவேன். அந்தச் சில மாலைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

பாதி கட்டியிருந்தபோது ஒருமுறை நானாவிடம் காட்டப் போனோம். வளையங்களைப் பழைய தடங்களிலேயே வைத்திருந்தார் அக்கா. “எல்லா கோலுக்கும் ஒரு முதுகு உண்டு தங்கச்சி, வளையாம விறைக்கிற பக்கம். அதைப் பார்த்துதான் வளையத்தை வைக்கணும். இதை மொதல்ல கட்டினவன் முதுகையே பார்க்கல, சரியான அவசரக்காரன். நீ மாத்தி வை,” என்றார் நானா. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. “பழைய எடத்துலயே இருக்கட்டும் நானா,” என்றார். கார்க் கைப்பிடியும் குட்டையாக இருந்தது. வழக்கமாக அது எட்டுகிற இடத்துக்கு மூன்று விரல் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே மொட்டைக் கோல், தெளிந்த வார்னிஷ் மட்டும். “கார்க் பத்தலையா? நான் தர்றேன் லா,” என்றார் நானா. “என் கைக்கு இது போதும்,” என்றார் அக்கா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். எனக்கு மீன் வாடையே ஆகாது, ஆனாலும் பிளாஸ்கில் காப்பியோடு கூடப் போவேன். பெரும்பாலும் கெலாமா கிடைக்கும், சில நாள் கெளுத்தி, பல நாள் ஒன்றுமே இல்லை. கோல் இழுபடும்போது ஒரு பக்கம் லேசாகத் திரும்பும், முதுகு பார்க்காமல் கட்டியதன் குறை. அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. கார்க்கைப் பிடித்து, ஆட்காட்டி விரலை மட்டும் மேலே நீட்டி, மொட்டைக் கோலின் மேல் வைத்திருப்பார். எத்தனை மணி நேரமானாலும் அந்த விரல் அங்கிருந்து நகராது. மீன் தொட்டால் விரலில் தெரியும் என்பதற்காக என்று நினைத்தேன்.

ஆடி அமாவாசை அன்று மட்டும் தூண்டிலில் முள் இருக்காது. ஈயக் குண்டை மட்டும் கட்டி வீசிவிட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், “இன்னைக்கு மீனுக்கு லீவு,” என்பார். வயதாகிறது, ஏதோ விரதம் என்று விட்டுவிட்டேன்.

கண்ணம்மா பெரியம்மா தொண்ணூறை ஒட்டிய வயதில் தூக்கத்திலேயே போனார். கடைசி வாரம் வரை மகனுக்குத் தீபாவளிச் சட்டை என்ன நிறத்தில் எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விருந்தும் முடிந்து, உறவுகள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா சாமி அறைக்குள் போய்த் திரும்பி வந்தார். கழுத்தில் தாலி இல்லை. நெற்றியில் பொட்டு இல்லை. “மாமியாருக்காகத் தாலியை எடுத்த மருமகளை இப்பத்தான் பார்க்கிறேன்,” என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தார். நான் அவரை முறைத்தேன். அக்காவுக்கும் காதில் விழுந்தது. “இனிமே யாருக்காகப் போட்டுக்கணும்?” என்றார், கோபமில்லாமல். தாரணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். காத்திருந்து களைத்துவிட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ஆண்கள் அக்காவைக் கூடத்தில் படுக்க வைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மேசை, நாற்காலி எல்லாம் வெளியே போயின. கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த தூண்டிலை எடுத்து ஒரு தம்பி என்னிடம் நீட்டினான். “இதை எங்கயாச்சும் பத்திரமா வைங்க அக்கா. மிதிச்சிடப் போறாங்க,” என்றான். வாங்கினேன். அதற்கு முன்னால் அந்தக் கோலை நான் தூக்கியிருக்கிறேன், சுமந்திருக்கிறேன். அக்கா பிடிப்பது போல் பிடித்ததில்லை. அன்று, ஏனென்று தெரியாமல், கார்க்கைப் பிடித்து ஆட்காட்டி விரலை மேலே நீட்டினேன்.

விரலுக்கு அடியில் ஒரு மேடு. கடுகளவு.

வார்னிஷுக்குக் கீழே, வெளுத்த ஒரு பட்டையின் ஓரத்தில், நூல் மக்கிப் போன பின்னும் போகாத முடிச்சு. அக்கா விரல் வைத்து வைத்து அதன் தலை மட்டும் மழுங்கியிருந்தது. ஈரத் துணி சுற்றியிருந்த இடம் அது. மற்ற முடிச்சுகளையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் பிளேடால் சீவி, வழவழப்பாக்கி, மாமியாரின் விரலுக்குத் தட்டுப்படாமல் செய்திருக்கிறார். ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறார். கைப்பிடி குட்டையானது அதை மூடாமல் இருக்கத்தான்.

எனக்கு வந்தது கோபம். பத்து வருடத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என்ன அக்கா இது என்று கேட்கத் திரும்பினேன். அவர் கூடத்தில் படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று மற்றவர்கள் நினைத்தார்களோ அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன். கணவர் செத்துப்போனார் என்பதை வாரம் முழுக்கச் சுரண்டிச் சுரண்டித் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மனிதரின் அம்மாவுக்குத் தோசை சுட்டுப் போட்டவர் அவர். கண் பார்த்ததை வாய் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அதைத் தெரிந்தே செய்துவிட்டு, தன் கண்ணைத் தானே நம்பாமல் போய்விடக் கூடாது என்று ஒரு முடிச்சை மிச்சம் வைத்து, ஞாயிறுதோறும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தகனம் அன்று மாலையே நடந்தது. மறுநாள் காலை சாம்பலைக் கரைக்கக் கடற்கரைக்குப் போனோம். நான் தூண்டிலையும் எடுத்துப் போனேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். அக்கா தன் மகளிடமே மறைத்ததை நான் சொல்லலாமா? தாரணிக்கு நாற்பது வயது நெருங்குகிறது. அப்பா உண்டா இல்லையா என்று தெரியாமலே வளர்ந்து, அப்படியே கல்யாணமும் செய்துகொண்டவள். இப்போது அம்மாவும் இல்லை. மறைத்தது பெரியம்மாவுக்காக, பெரியம்மா போய்ச் சில வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. சொல்ல நினைத்து நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கலாம். ஒரு பொய்யை அத்தனை வருடம் சுமந்தவருக்கு இறக்கி வைக்கும் இடம் தெரியாமல் போயிருக்கலாம்.

படகுக்காரர் வருவதற்குக் காத்திருந்தபோது கோலைத் தாரணியின் கையில் கொடுத்தேன். “அம்மா பிடிக்கிற மாதிரி பிடிம்மா,” என்றேன். அவளும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. கார்க்கைப் பிடித்தாள், விரலை நீட்டினாள். பாட்டியிடம் பூக்கட்டக் கற்றுக்கொண்ட விரல். விரல் நின்றது. கோலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப விரலை வைத்தாள்.

“ஆன்ட்டி, இது நம்ம முடிச்சு,” என்றாள்.

“ஆமாம்மா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். இங்கதான் விரலை வச்சிருப்பாங்க.”

அவள் கோலைத் திருப்பித் தராமல் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஐயர் தர்ப்பையும் எள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு, இறந்தவர் பேரைச் சொல்லச் சொன்னார். “லோகநாயகி,” என்றாள். ஐயர் மந்திரத்தைத் தொடங்கப் போனார். “சாமி, ஒரு நிமிஷம். அப்பாவுக்கும் சேர்த்துச் செய்யணும். சிவபாலன்,” என்றாள்.

“அப்பா எப்பம்மா தவறினாரு?” என்று கேட்டார் ஐயர்.

“ரொம்ப வருஷம் ஆச்சு சாமி. எனக்கு இப்பத்தான் தெரியும்,” என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. ஐயர் நல்ல மனிதர். அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பேருக்கும் பெயர் சொல்லிப் பிண்டம் வைத்தார்.

படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் தாரணி சாம்பலைக் கரைத்தாள். மேலே மல்லிகை மாலை ஒன்றைப் போட்டாள். காலையில் அவளே கட்டிய மாலை. அலை எடுத்துப் போன வரைக்கும் அது அவிழவில்லை. தூண்டில் அவள் மடியில் குறுக்கே கிடந்தது.

லோகா அக்கா, உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கப் போகிறேன். நீங்கள் தள்ளிவைத்ததை முதல்முறையாக நான் எடுத்துத் திரும்பப் பார்த்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் தாங்கிக்கொள்வாள். இனி யாருக்காகவும் நீங்கள் எதையும் மறைத்துப் பிடிக்க வேண்டாம். விரலை எடுத்துவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள்.